ஒன்பதாயிரத்து நானூறு அடி உயரத்தில் எட்டுத் தறிகள்

மொச்சப்பாளையம் தாலுகா அலுவலகத்துக்குத் தை மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'பொதுமக்கள் அலுவலகத்தினுள் நுழைந்தவுடன் மனநிறைவு எய்திடும் வண்ணம், முகப்புச் சுவரில் தொன்மை வாய்ந்த வரைபடம் ஒன்றினைப் பொருத்தி, பொருத்திய விவரத்தினைப் புகைப்படத்துடன் பதினைந்து தினங்களுக்குள் அனுப்பிட வேண்டும்' என்று அதில் கண்டிருந்தது. பொதுமக்கள் மனநிறைவு எய்துவதற்கு உட்கார ஒரு பெஞ்சு போட்டாலே போதும். ஆனால் பெஞ்சைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.

அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒரு வரைபடம் இருக்கத்தான் செய்தது. சோமனூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடக்கிற மொச்சப்பாளையம் தாலுகாவின் அசல் வரைபடம். அதில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதிப் பாதியின் மேல் ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்கியது. தாசில்தார் வரதராஜுலு காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பழசா இருக்குது, ஆனா தொன்மையா இல்லீங்களே" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கோயம்புத்தூரில் இப்போது பழசுக்குத்தான் மவுசு. புத்தம்புதுக் காபிக்கடையில் துருப்பிடித்த சைக்கிளைச் சுவரில் ஏற்றி வைக்கிறார்கள். கல்யாண வீட்டு போட்டோவுக்கு அம்பாசடர் கார் வாடகைக்கு வருகிறது, ஓடாது, நிற்கும். ஆகவே தாசில்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹால் பக்கத்துச் சந்துக்குப் போய், கலீல் ரஹ்மானின் பழம்பொருள் கடையில் ஒரு வரைபடம் வாங்கினார். பழுப்புக் காகிதம். அதில் கைரேகை மாதிரி வளைந்து வளைந்து மலைகள். மலைகளுக்கு நடுவே தையல் போட்டதுபோல ஒரு ரயில் பாதை. அங்கங்கே ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்த இரண்டு குந்தாலிகள், அதாவது சுரங்கம். பழைய மரச்சட்டத்திலேயே அடங்க வேண்டும் என்று தாசில்தார் சொன்னதால், எந்த ஊர் வரைபடம் என்று அச்சடித்திருந்த ஓரத்தை மடித்துப் பின்னால் தள்ளிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார் கலீல் ரஹ்மான்.

அலுவலகத்தின் இருப்புப் பதிவேட்டில் 'சுவர் வரைபடம், தாலுகா: 1' என்று இருந்தது. கரையான் தின்றது போனது, இது வந்தது. ஒன்று போய் ஒன்று. பதிவேடு சரியாகவே இருந்தது.

தேங்காய் உடைத்துத் திறந்து வைக்கப் பெரிய அதிகாரி வந்தார். வரைபடத்தை ஐந்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தார்.

"ஏனுங்க வரதராஜுலு, உங்க தாலுகாவுல இத்தனை மலை இருக்குதுங்களா?"

இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. மேலதிகாரி என்றில்லை, கறிவேப்பிலை விற்கிறவர் கேட்டாலும் கொங்கு நாட்டில் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். அது சாப்பிட உட்கார்ந்தவரின் இலையை உருவுகிற மாதிரி. அதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அதில் ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது, மரியாதை மட்டும் தளும்பத் தளும்ப இருக்கும்.

"இருக்குமுங்க" என்றார் தாசில்தார்.

பெரிய அதிகாரி சர்வேயர் சென்னிமலையைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தாலுகாவைச் சங்கிலி போட்டு அளந்தவர் சென்னிமலை. அதில் அவர் ஏறிய அதிகபட்ச உயரம் வேகத்தடை.

"இருக்குமுங்க" என்றார் சென்னிமலையும்.

"பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது?"

"வெள்ளைக்காரன் வச்ச பேருங்க. உதகமண்டலத்தையே ஊட்டின்னு ஆக்கிப்போட்டான். நம்முளுத என்னன்னு வேணாலும் ஆக்கியிருப்பானுங்க" என்றார் சென்னிமலை.

'தாலுகாவின் மலைகள், சுரங்கங்கள், இருப்புப்பாதை ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் பார்வையிடப்பட்டது. திருப்தி' என்று பெரிய அதிகாரி பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பச்சை மையில் எழுதியதை நீல மையில் அழிக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் மௌனிகா வந்தாள். பிறந்து பதினோராம் நாளே பெயர் வைத்துவிட்டால் இப்படித்தான், குழந்தை பேசுமா பேசாதா என்று யாருக்குத் தெரியும்? வயது பதினெட்டு. பன்னிரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "இனி தறியப் பாத்துக்கறேன், காலேஜுப் பேச்செடுத்தா ஊட்டுல சோறாக்க மாட்டேன்" என்று அறிவித்திருந்தாள்.

அவளுடைய அப்பா பொங்கியண்ணனுக்கு எட்டு விசைத்தறிகள். ஓடுவது வாடகை ஷெட்டில். ஷெட்டுக்காரர் அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகவும், ஆடி பிறப்பதற்குள் தறிகளை எடுத்துவிட வேண்டும் என்றும் தன்மையாகச் சொல்லிவிட்டார். தன்மையாகச் சொன்னதால் சண்டையும் போட முடியவில்லை. பொங்கியண்ணனுக்குப் பள்ளக்காட்டில் சொந்தமாகப் பத்து சென்ட் கிடந்தது. அங்கே ஒரு ஷெட் போட்டு, மூன்று ஃபேஸ் கரண்ட் வாங்கினால் தறி ஓடும். அதற்குத் தாலுகா அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வேண்டும். ஆடிக்குள் கிடைக்காவிட்டால் எட்டுத் தறியும் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போகும். சோமனூர்ப் பக்கம் அப்படிப் போன தறிகளை மௌனிகா பார்த்திருக்கிறாள். சம்மட்டியால் உடைத்துத்தான் லாரியில் ஏற்றுவார்கள்.

பிரிவு எழுத்தர் சுரேந்தர் மனுவை வாங்கினார். "இடம் எங்கீங்க அம்மிணி?"

"பள்ளக்காடுங்க. மழை பேஞ்சா ஊருத்தண்ணி பூராவும் அங்கதானுங்க வந்து நிக்கும்."

சுரேந்தர் எழுந்து புது வரைபடத்துக்குப் போனார். நடுவில் கண்ணாடி மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. தாலுகாவுக்கு நடுவில் தாலுகா அலுவலகம்தானே இருக்க முடியும்? பொட்டிலிருந்து கிழக்கே மூன்று விரல் வைத்து அளந்தார். குனிந்து படித்தார்.

"ஒன்பதாயிரத்து நானூறு அடி."

"எதுங்க?"

"உங்க பள்ளக்காடு. கடல் மட்டத்துக்கு மேல."

"சார், அது பள்ளமுங்க."

"மலை மேல இருக்கற பள்ளமுங்க."

"நான் அங்கிருந்து சைக்கிள்லதான் வந்தனுங்க. இருவது நிமிசம்."

"எறக்கமல்லங்க? வேகமாத்தான் வரும். திரும்பிப் போறப்பப் பாருங்க."

மௌனிகாவுக்குக் காது சூடாகிவிட்டது. "ஏனுங்க சார், நீங்க பள்ளக்காட்டப் பாத்திருக்கறீங்களா?"

"நேத்து சாயங்காலம் அந்த வழியாத்தான் போனேன்."

"மலை இருந்துச்சுங்களா?"

"நான் ஆபீஸ் நேரத்துல போகலீங்களே. அப்ப பாத்தது கணக்குல வராது." அவர் மறுபடியும் கண்ணாடியில் விரல் வைத்தார். "அப்புறம் உங்க எடத்து வழியா ரயில் போகுது பாருங்க. பக்கத்துலயே ஒரு வெள்ளிச் சுரங்கம். ஆக மொத்தம் மூணு இடத்துல ஆட்சேபணை இல்லைன்னு வாங்கோணும். ரயில்வே, சுரங்கம், மலையிடக் குழு. மூணும் கொண்டு வாங்க, நாளைக்கே முடிச்சுப்போடலாம்."

திரும்பிப் போகிறபோது எதிர்காற்று. சைக்கிள் கொஞ்சம் இழுத்தது. ஒரு விநாடி 'ஏற்றமா இருக்குமோ' என்று அவளுக்கே தோன்றியது. அந்த ஒரு விநாடிக்காக வீடு போய்ச் சேரும் வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள்.

ரயில்வே ஆபீஸில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நான்கு பதிவேடுகளைப் புரட்டினார்.

"இப்படி ஒரு லைனே இல்லீங்களேம்மா."

"அப்பாடா. இல்லைன்னே எழுதிக் குடுங்க சார், போதும்."

"இல்லைன்னு எப்படி எழுதறது? தாலுகா வரைபடத்துல இருக்குது, பெரிய ஆபீசர் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு. தண்டவாளம், கட்டை, ரெண்டு குகை, இத்தனையும் எங்க போச்சு, யார் பொறுப்புல காணாமப் போச்சுன்னு என்கிட்ட விளக்கம் கேப்பாங்க. எனக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு ஒன்பது மாசம் இருக்குது."

அவர் எழுதிக் கொடுத்தது இது: 'மேற்படி தடத்தில் தற்சமயம் ரயில்கள் இயங்கவில்லை. எனினும், இயங்கக்கூடிய வாய்ப்பினைக் கருதி, மனுதாரர் தமது இடத்தின் முகப்பில் கேட் அமைத்து, தினந்தோறும் காலை 6.10 மணிக்கும் மாலை 5.40 மணிக்கும் மூடி வழிவிட்டு ஒத்துழைக்க வேண்டும்.'

"இல்லாத ரயிலுக்கு நேரம் எப்படீங்க வந்துச்சு?"

"நேரம் போடாம கேட் போடக்கூடாதும்மா. ரூல்ஸ்."

சுரங்க ஆபீஸில் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்தது. அஸ்திவாரம் தோண்டும்போது வெள்ளி கிடைத்தால் மூன்று தினங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதை மாதாமாதம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது மலையிடக் குழு. அது சென்னையில் இருந்தது. நேரில் வந்து பார்த்துத்தான் கொடுப்பார்களாம். எப்போது வருவார்கள் என்று கேட்டதற்கு, 'மலைப்பாதை என்பதால் தாமதமாகலாம்' என்று பதில் வந்தது.

அதற்கு மேல் மௌனிகாவால் பொறுக்க முடியவில்லை. பஸ் பிடித்து நேராகக் கலீல் ரஹ்மான் கடைக்குப் போனாள்.

"ஏனுங்க பாய், மொச்சப்பாளையம் தாசில்தாருக்கு ஒரு மேப்பு வித்தீங்களா?"

"வித்தேன் கண்ணு. ஏன், கண்ணாடி ஒடஞ்சு போச்சா?"

"கண்ணாடி நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க ஊருதான் மலை மேல ஏறிப் போச்சு."

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுக் கலீல் ரஹ்மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் புத்தகத்தின் நகலை எடுத்துக் காட்டினார். 'அமெரிக்க மலை, பழைய வரைபடம்: 1' என்று தெளிவாக இருந்தது. "ஒரு மில் இன்ஜினியர் வீடு காலி பண்ணினப்ப வந்ததும்மா. அங்க வெள்ளி எடுத்த பக்கம், அதுக்காக ரயில் போட்டிருக்காங்க. சார்கிட்டயும் சொல்லித்தான் குடுத்தேன். எந்த ஊரு மேப்புன்னு மடிச்ச ஓரத்துல அச்சா இருக்குது. கண்ணாடியக் கழட்டினா யார் வேணாலும் படிக்கலாம்."

பில் நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுநாள் காலை தாலுகா அலுவலகத்துக்குள் நுழைந்த மௌனிகா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சித்திரை மாதம், வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. உள்ளே ஊழியர்கள் இருபத்தேழு பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். சுரேந்தர் காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்து, மேசை மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்திருந்தார். தபால் பிரிவுப் பெண்மணி கையுறை போட்டுக்கொண்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க சார் இது கெரகம்?"

"மலைப்படிங்க அம்மிணி" என்றார் சுரேந்தர், மூக்கு நுனியில் சொட்டிய வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "உசரத்துல வேலை செய்யறவங்களுக்கு மலைப்படி, குளிர்காலப்படி ரெண்டும் உண்டு. நான்தான் கண்டுபிடிச்சேன். கருவூலத்துல மறுபேச்சில்லாம பாஸ் பண்ணிக் குடுத்துட்டாங்க. அவங்க ஆபீஸ் எங்க மாடியிலதான் இருக்குது. எங்களவிட இன்னும் பதினோரடி உசரம். ஆனா தணிக்கைக்கு வந்தா ஸ்வெட்டர் இருக்கோணுமல்ல?"

தாசில்தார் அறையில் மௌனிகா பில் நகலை மேசையில் வைத்தாள். வரதராஜுலு அதைப் படித்தார். சால்வையை விலக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்துவிடலாம்.

"பில்லு சரித்தானுங்க அம்மிணி. ஆனா இது கடைக்காரர் எழுதினது. அங்க பெரிய ஆபீசர் எழுதியிருக்கறாரு. ரெண்டுல எது பெருசு?"

"நெசம்தானுங்க பெருசு."

"அதுக்குப் பதிவேட்டுல கலம் இல்லீங்களே" என்றார் தாசில்தார், மெய்யான வருத்தத்தோடு.

"சரீங்க, கண்ணாடியக் கழட்டி மடிச்ச ஓரத்தப் பாத்துப்போடலாம். ரெண்டு ஆணி. நானே கழட்டறேன்."

"அரசுச் சொத்தைப் பிரிக்கறதுக்கு மேலிட அனுமதி வேணுமுங்க. அனுமதி கேட்டா, எதுக்குப் பிரிக்கறீங்கன்னு கேப்பாங்க. எதுக்குன்னு சொன்னா, அப்ப எதுக்கு மாட்டினீங்கன்னு கேப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னமோ மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன். இப்ப இருவத்தேழு பேரு ஸ்வெட்டர் எடுத்துட்டாங்க. நான் என்ன பண்றதுங்க? உங்க ஆட்சேபணைய எழுதிக் குடுங்க. கோப்புல பத்திரமா வைக்கிறேன்."

மௌனிகா அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். 'இந்த வரைபடம் நம் தாலுகா இல்லை. கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.' அவ்வளவுதான் மனு. சுரேந்தர் அதை வாங்கி எண் போட்டு, 'உயரம் தொடர்பாக' என்ற கோப்பில் வைத்துக் கட்டினார்.

அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அரசாங்க ஆட்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தால், ஊர் சும்மா இருக்குமா? முதலில் டீக்கடைக்காரர் பலகையை மாற்றி 'சிகரம் டீ ஸ்டால்' என்று எழுதினார். அதே டீதான். பிறகு யாரோ மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஏணியில் நின்று கைபேசியில் படம் பிடித்து, 'மேகங்களுக்கு மிக அருகில்' என்று போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து கார் காராக ஜனம் வந்து இறங்கியது. கொண்டை ஊசி வளைவே இல்லாத மலை என்பதால் குழந்தைகளுக்கு வாந்தி வருவதில்லை என்று ரொம்பப் பாராட்டினார்கள். தட்டையான பருத்திக்காட்டைப் பார்த்து, "என்ன ஒரு பள்ளத்தாக்கு!" என்றார்கள். வெயிலில் கண் கூசி, நாக்கு வறண்டு, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார்கள். மப்ளர் இல்லாதவர்களைக் கீழ்நாட்டுக்காரர்கள் என்று பார்த்தார்கள்.

ஒரு நாள் பொங்கியண்ணனும் மப்ளர் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்கப்பா, உங்களுக்குமா?"

"ஊரே ஒட்டுக்காச் சொல்றப்ப நாம மட்டும் இல்லைன்னா நல்லாருக்காது கண்ணு."

"அப்ப நம்ம தறி எடைக்குப் போறது மட்டும் நல்லாருக்குமுங்களா?"

பொங்கியண்ணன் மப்ளர் நுனியால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஷெட்டுக்காரர் அன்றைக்கும் வந்து, "அவசரமில்லீங்க, ஆடிக்குள்ள எடுத்துட்டாப் போதும்" என்று நான்காவது முறையாகத் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கத்திரி வெயிலின் உச்சத்தில் மலையிடக் குழுவின் ஆய்வு அலுவலர் நித்யஸ்ரீ வந்து சேர்ந்தார். கார் கதவைத் திறந்து இறங்கினபோது காலில் மலையேறுகிற பூட்ஸ், கையில் ஊன்றுகோல். பின்னாலேயே தாசில்தார், சென்னிமலை, சுரேந்தர், பாதி ஊர். எல்லோரும் கம்பளியில் இருந்தார்கள். பள்ளக்காடு முழுவதும் ஈர ஆட்டு மந்தை மாதிரி ஒரு வாசனை.

மௌனிகா தயாராக இருந்தாள். கொத்தனாரிடம் கேட்டு, மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபை வாங்கி வைத்திருந்தாள். ஒரு நுனியைச் சென்னிமலையிடம் கொடுத்து, "இதப் புடிச்சுக்கிட்டு அந்த மூலைக்குப் போங்க" என்றாள். இன்னொரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு இந்த மூலையில் நின்றாள். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. இரண்டு பக்கமும் தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம், நூல் பிசகவில்லை.

"பாத்துக்குங்க மேடம். அந்த மூலையும் இந்த மூலையும் ஒரே மட்டம். மலையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல."

நித்யஸ்ரீ இரண்டு முனையையும் குனிந்து பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப சரி. இந்த மூலை ஒன்பதாயிரத்து நானூறு. அந்த மூலையும் ஒன்பதாயிரத்து நானூறு. வரைபடம் அவ்வளவு துல்லியம்! இது பீடபூமிம்மா. கட்டடத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் மலையில கிடைக்காது."

மௌனிகா டியூபைக் கீழே போட்டாள். தண்ணீர் கொட்டிய இடத்திலிருந்து ஆவி எழுந்தது.

"கடைசியா ஒரு கலம்" என்றார் நித்யஸ்ரீ. "மனுதாரர் உணரும் தட்பவெப்பம். உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?"

பொங்கியண்ணன் மகளைப் பார்த்தார். கம்பளி போடாமல் நின்றது அவள் ஒருத்திதான். முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

"வேகுதுங்க மேடம்" என்றாள் மௌனிகா. "ஒடம்பு பூராவும் வேகுது. உங்களுக்கும்தான் வேகுது. சொல்றதுக்குத்தான் யாருக்கும் வாய் வரமாட்டேங்குது."

தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேகத்தானேம்மா செய்யும்" என்றார் நித்யஸ்ரீ அன்பாக. "கீழ இருக்கறவங்களைவிட நீங்க சூரியனுக்கு ஒன்பதாயிரத்து நானூறு அடி பக்கத்துல இருக்கீங்க." அதையே கலத்தில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்.

சான்று வந்துவிட்டது. மௌனிகாவுக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சான்றோடு நிபந்தனைகளும் வந்தன. பனி தங்காமல் வழுக்கி விழும் வண்ணம் கூரை செங்குத்தாக இருக்க வேண்டும். ரயில்வே சொன்ன கேட் இருக்க வேண்டும். 'வெள்ளிச் சுரங்கம், அத்துமீறி நுழையாதீர்' என்று பலகை வேண்டும். எல்லாவற்றையும் செய்தாள். கூரையில் உட்கார வந்த காக்கைகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. ஆடிக்கு ஐந்து நாள் இருக்கும்போது எட்டுத் தறியும் பள்ளக்காடு ஏறின. ஊரில் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள், ஏறின என்று. மூன்று ஃபேஸ் கரண்ட் வந்தது. தறிச் சத்தம் கேட்டதும் பொங்கியண்ணன் மப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அந்த மப்ளருக்கு அது ஒன்றுதான் உருப்படியான உபயோகம்.

கேட்டை முதல் வாரம் அவள் மூடவே இல்லை. சென்னிமலை தினமும் மாலை வந்து, ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்தார். திட்டினால் பதில் சொல்லலாம், சும்மா நிற்கிற மனிதரை என்ன செய்வது? இரண்டாவது வாரம் மூடினாள். மூன்றாவது வாரம் கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஜனம் வண்டியை அணைத்துவிட்டுப் பொறுமையாக நிற்கத் தொடங்கியது. ஐப்பசியில் ஒரு நாள் ஒருவர் மொபெட்டைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழையப் பார்த்தபோது, "ஏனுங்க, உசுரு மேல ஆசை இல்லீங்களா? ட்ரெயின் வர்ற நேரம்!" என்று ஒரு குரல் அதட்டியது. அது தன் குரல்தான் என்பது மௌனிகாவுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

எட்டுத் தறியிலும் இப்போது வெளுக்காத காடாத்துணி ஓடவில்லை. மப்ளர் ஓடியது. சீசனுக்கு வருகிறவர்கள் அவ்வளவு கேட்டார்கள்.

கார்த்திகையில் வரதராஜுலு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக மதன்குமார் என்று ஒரு இளம் தாசில்தார் வந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட ஆள். வந்த முதல் நாளே வரைபடத்துக்கு முன்னால் நின்று, "என்னங்க இது கூத்து?" என்றார். கோப்புகளைக் கொண்டுவரச் சொன்னார். 'உயரம் தொடர்பாக' கோப்பில் ஒரே ஒரு தாள் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. மாலை ஐந்து மணிக்கு மௌனிகாவை வரவழைத்தார்.

"இந்தத் தாலுகாவுலயே நிஜத்தை எழுதின ஒரே ஆள் நீங்கதானுங்க. 'கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.' அருமை! ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, சாட்சியா வச்சு இன்னிக்கே இதக் கழட்டிப்போடறேன்."

"கழட்டினா என்னங்க ஆகும்?"

"எல்லாம் சுத்தமாயிரும். இத வச்சுக் குடுத்த சான்று அத்தனையும் ரத்து. உங்க கரண்ட் கனெக்‌ஷனும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துவாங்க. அசல் வரைபடம் வரவழைச்சு, அளந்து, புதுசா ஆரம்பிக்கலாம்."

"எத்தனை நாளாகுமுங்க?"

"ரெண்டு வருஷம். ஆனா நேர்மையா நடக்கும்."

இருபத்தேழு ஸ்வெட்டர்களும் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தன. சுரேந்தர் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சுவரில் மடித்த ஓரம் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. இரண்டு ஆணிதான்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் மதன்குமார். "நம்ம தாலுகாவுல இத்தனை மலை இருக்குதுங்களா?"

மௌனிகா வரைபடத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் தறியிலேயே நெய்த மப்ளரைக் கழுத்தில் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டாள்.

"இருக்குமுங்க" என்றாள். "அப்ப நான் வாரனுங்க சார். அஞ்சு நாப்பதுக்கு ட்ரெயின் இருக்குது. கேட்டை மூடோணும்."